கொரிய மொழியில் எண்ணும் உடனிகழ்ச்சியும்: ‘வா / க்வா’ உருபின் வரலாறு

கொரிய மொழியில் பெயர்களை இணைக்கும் ‘வா / க்வா’ உருபே உடனிகழ்ச்சிப் பொருளையும் உணர்த்துகிறது. இன்று உயிரீற்றின்பின் ‘வா’வும் மெய்யீற்றின்பின் ‘க்வா’வும் வரும். ஹங்குல் எழுத்து 1446இல் வெளியிடப்பட்டதை அடுத்து எழுந்த நூல்களிலோ லகர ஈற்றின்பின்னும் ‘வா’ வந்தது. அன்றியும், எண்ணப்படும் இறுதிப் பெயரும் பலவிடங்களில் இவ்வுருபை ஏற்றது. அதன்மேல் வேற்றுமை உருபு அமைந்தது. இவ்வழக்குப் பின்னர் வீழ்ந்தது.

பெயர்தோறும் வரும் தமிழ் எண்ணும்மையையும், வேற்றுமை உருபாகவும் எண்ணிடைச்சொல்லாகவும் தொல்காப்பியம் கூறும் ‘ஒடு’வையும் இது நினைவூட்டும். கொரியத்தைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905இல் நூலொன்று வெளியிட்டார். ஆயினும் உடனிகழ்ச்சி உருபு எண்ணுப்பொருள் பெறுதல் பல மொழிகளுக்கும் பொது. ஒழுங்கான ஒலியொப்புமைகள் நிறுவப்படாத நிலையில், இவ்வொற்றுமை இனவுறவுக்குச் சான்றாகாது. மொழி வகைமை ஆய்வுக்கே துணைபுரியும்.