பொறியியற் கல்வியும் புள்ளிக் கணக்கும்

ஒரு வகுப்பிற் பாதிப்பேர் தேர்வில் தவறினால், குறை மாணவரிடத்தா, பாடத்திட்டத்திடத்தா? ஆசிரியர் பலரையும் வாட்டும் வினா இது. அமெரிக்கப் பொறியியற் கல்வியின் வரலாற்றிலே, இவ்வினாவின் முதற்பாதியை மட்டுமே எண்கள் நெடுங்காலம் ஆராய்ந்து வந்தன.

அந்நாட்டில் பொறியியலை முறையாகக் கற்பித்த முதல் நிலையம், 1802இல் தோன்றிய வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியாகும். 1817இல் அதன் தலைமையை ஏற்ற சில்வேனஸ் தேயர், பிரெஞ்சு நாட்டுக் கல்லூரிகளை நேரிற் கண்டு வந்தவர். அவர் ஆட்சியில் மாணவர் நாள்தோறும் பாடம் ஒப்பித்தனர், முழுப்புள்ளி மூன்று. புள்ளிகளின் கூட்டுத்தொகைப்படி மாணவர் வரிசைப்படுத்தப்பட்டனர். மேல்வரிசையினர்க்கே பொறியாளர் படை கிட்டும். 1829இல் இரண்டாமிடம் பெற்ற ராபர்ட் லீ அப்படையிற் சேர்ந்தார். 1843இல் 39 பேருள் 21ஆவதாகத் தேறிய யுலிசிஸ் கிராண்டுக்குக் கிடைத்தது காலாட்படையே. உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865இல், லீ சரணடைந்தது இந்தக் கிராண்டிடம் என்பதை இங்கே நினைவு கூர்தல் தகும்!

1862ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டத்திற்குப் பின்னர்ப் பொறியியற் கல்லூரிகள் பெருகின. பாடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன. இந்நிலையை ஆராய 1907இல் பொறியாளர் சங்கங்களின் கூட்டுக்குழு ஒன்று அமைந்தது. அதன் பயனாகச் சார்ல்ஸ் மான் என்னும் பௌதிக அறிஞர் எழுதிய அறிக்கையைக் கார்னகி அறநிலையம் 1918இல் வெளியிட்டது.

மான் மாணவரின் புள்ளிகளோடு நில்லாது, பாடத்திட்டத்தையே எடைபோடத் துணிந்தார். நல்ல பொறியாளனுக்கு வேண்டிய பண்புகள் யாவை எனத் தொழில்புரியும் பொறியாளரையே கேட்டார். ஏறத்தாழ 7,000 பேர் விடையளித்தனர். நூற்றுக்கு நற்குணம் 24, நிதானிக்கும் ஆற்றல் 19.5, செயல்திறன் 16.5, மனிதரை அறியும் திறன் 15, துறையறிவு 15, தொழில் நுட்பம் 10 எனக் கணக்கு வந்தது. கல்லூரிகள் பெரிதும் கற்பித்தவையும் தேர்வு வைத்தவையும் கடைசி இரண்டுமே!

இவை கருத்துக் கணிப்பேயன்றி அளவையன்று என்பது மெய்தான். நற்குணத்தை எந்த வினாத்தாள் அளக்கும்? எனினும், ஒரேநேரத்திற் கற்கும் பாடங்களைக் குறைத்து, முதலாண்டிலேயே செய்முறைப் பொறியியலைப் புகட்டவேண்டும் என்ற மானின் பரிந்துரை வெறும் மனப்போக்கில் எழுந்ததன்று. ஆயினும் பாடச்சுமை எளிதிற் குறைந்துவிடவில்லை. 1923இல் விக்கெண்டன் தலைமையில் அதனினும் விரிந்த ஆய்வொன்று தொடங்கி, 1929 வரை நடந்தது.