அடுத்து எந்தத் தாயின் பிள்ளை?

1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட்டில், ஃபினகி என்னும் சாலையின் நடைபாதையில் ஆன் மக்வையர் என்ற கத்தோலிக்கத் தாய் தம் பிள்ளைகளுடன் சென்றுகொண்டிருந்தார். அவ்வேளையில், ஐரியக் குடியரசுப் படையான ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஓட்டிவந்த காரைப் பிரிட்டிஷ் இராணுவத்தினர் துரத்தி வந்தனர். அவர்கள் சுட்டதில் அவ்விளைஞர் உயிரிழந்தார். ஓட்டுவாரற்ற அந்தக் கார் நடைபாதையில் ஏறி, தாயையும் பிள்ளைகளையும் மோதி நசுக்கியது. 8 வயதுச் சிறுமி ஜோவானும், பிறந்து 6 வாரமே ஆன ஆண்ட்ரூவும் அங்கேயே மாண்டனர். 2 வயது ஜான் மறுநாள் இறந்தான். படுகாயமுற்ற தாய், மருத்துவமனையில் நினைவிழந்து கிடந்தார்.

இக்குழந்தைகளைக் கொன்றவர் யார்? காரை ஓட்டியவர் மீது பழி சுமத்தினர் ஒரு சாரார். சுட்ட இராணுவத்தின் மீது பழி சுமத்தினர் மறு சாரார். அந்நாட்டில் ஒவ்வொரு சாவுக்கும் இப்படி இரண்டு விடைகள் ஆயத்தமாக இருந்தன. இரண்டு விடைகளும் சேர்ந்து அடுத்த சாவுக்கு வழி அமைத்துக் கொடுத்தன.

இப்பகையின் வேர் ஆழமானது. 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, வடபகுதியின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நீடித்தன. அங்குப் பெரும்பான்மையினரான புரோட்டஸ்டாண்டு மக்கள் அந்த இணைப்பைத் தங்கள் பாதுகாப்பு எனக் கருதினர். சிறுபான்மையினரான கத்தோலிக்கரோ வேலையிலும், வீட்டு ஒதுக்கீட்டிலும், உள்ளாட்சி வாக்குரிமையிலும் ஒதுக்கப்பட்டனர். 1968-இல் குடிமை உரிமைகள் கோரி அவர்கள் ஊர்வலம் சென்றபோது தடியடி விழுந்தது. 1969-இல் தெருக்கள் எரிந்தன, இராணுவம் இறங்கியது. 1972-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் டெரி நகரில் நடந்த ஊர்வலத்தில், ஆயுதமேந்தாத மக்கள் 13 பேர் இராணுவத்தின் குண்டுகளுக்குப் பலியாயினர். ஐ.ஆர்.ஏ.வின் குண்டுகளும், புரோட்டஸ்டாண்டு ஆயுதக் குழுக்களின் கொலைகளும் அன்றாடச் செய்திகளாயின. இருதரப்பாரும் ஒரே கிறிஸ்துவின் பெயரைச் சொல்பவர்கள். சமயம் மட்டுமே இப்பகைக்குக் காரணம் அன்று; எனினும், யார் எத்தெருவில் வாழ்வது, யாரை மணப்பது, எப்பள்ளியில் பயில்வது என்பவற்றையெல்லாம் சமயத்தின் பெயரே தீர்மானித்தது. இதை நாம் வெட்கத்தோடுதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அன்று அந்தத் தெருமுனையில் இருந்தவர்களுள் ஒருவர் பெட்டி வில்லியம்ஸ். இரு பிள்ளைகளின் தாய். ஓர் அலுவலகத்தில் வரவேற்பாளராகப் பணிபுரிந்தவர். அவருடைய தாய் கத்தோலிக்கர், தந்தை புரோட்டஸ்டாண்டு. எந்த அரசியல் கட்சிக்கும் அவர் தலைவி அல்லர். அச்சிறு உடல்களைக் கண்ட அவர் வீட்டுக்குள் சென்று கதவை அடைத்துக்கொள்ளவில்லை. ஐ.ஆர்.ஏ.வின் செல்வாக்கு மிகுந்த ஆண்டர்சன்ஸ்டவுன் பகுதியில் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினார். அவருடைய சினம் முதலில் ஐ.ஆர்.ஏ.வின் மீதே எழுந்தது. ஆனால் கதவைத் திறந்த தாய்மார் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் வேறொரு கேள்வி காத்திருந்தது. கொன்றவர் யார் என்பதைவிட, அடுத்து எந்தத் தாயின் பிள்ளை என்பதே அக்கேள்வி. இரண்டே நாள்களில் ஏறக்குறைய 6,000 பேர் அமைதி வேண்டிக் கையொப்பமிட்டனர்.

மைரீட் காரிகன், ஆன் மக்வையரின் உடன்பிறந்த சகோதரி. மரியாயின் சேனையில் தொண்டாற்றிய அவர், தொலைக்காட்சியில் தோன்றி, கண்ணீரோடு வன்முறையைக் கண்டித்தார். பெட்டியும் மைரீட்டும் கைகோத்தனர். பத்திரிகையாளர் கியரன் மக்கியோன் அவர்களோடு சேர்ந்தார். இவ்வாறு பிறந்ததே 'அமைதி மக்கள்' இயக்கம். ஆகஸ்டு 14-ஆம் நாள் சுமார் 10,000 பேர், பெரும்பாலும் பெண்கள், ஆண்டர்சன்ஸ்டவுனில் கூடி நடந்தனர். குழந்தை வண்டிகளைத் தள்ளியவாறு தாய்மார் வந்தனர். பிற பகுதிகளிலிருந்து புரோட்டஸ்டாண்டுப் பெண்களும் அச்சத்தை விட்டு வந்து சேர்ந்தனர்.

இரு வாரங்களுக்குப் பின், ஆகஸ்டு 28-ஆம் நாள், ஊர்வலம் ஷாங்கில் சாலையில் நடந்தது. அது புரோட்டஸ்டாண்டு மக்களின் கோட்டை. கத்தோலிக்கர் கால்வைக்க அஞ்சிய தெரு. துறவற உடையோடு அருட்சகோதரியர் அவ்வழியே நடந்தபோது, அத்தெருப் பெண்கள் முன்வந்து அவர்களைத் தழுவி வரவேற்றனர். டிசம்பர் 5-ஆம் நாள், டிராஹடா நகரில் பாயின் ஆற்றுப் பாலத்தின் மீது வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்த மக்கள் சந்தித்தனர். 1690-இல் அந்த ஆற்றங்கரையில்தான் புரோட்டஸ்டாண்டு மன்னர் வில்லியம், கத்தோலிக்க மன்னர் ஜேம்சை வென்றார். முந்நூறு ஆண்டுகளாகப் பகையை நினைவூட்டி வந்த ஆற்றின்மேல் மக்கள் கைகுலுக்கிக்கொண்டனர்.

எனினும், இவ்வரலாற்றைத் தேனில் தோய்த்து எழுதுவது உண்மைக்குச் செய்யும் துரோகமாகும். ஃபால்ஸ் பகுதியில் ஊர்வலத்தின்மீது கல் எறியப்பட்டது. துரோகிகள் என்ற பட்டமும் அவர்களுக்குக் கிடைத்தது. இராணுவத்தின் வன்முறையைப் பற்றி அவர்கள் போதிய அளவு பேசவில்லை எனப் பல கத்தோலிக்கர் மனம் கசந்தனர். அக்குறையில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீதியைப் பற்றிப் பேசாத அமைதி ஒடுக்கப்பட்டவருக்கு அமைதியாகத் தோன்றாது. 1976-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு, 1977-இல் பெட்டிக்கும் மைரீட்டுக்கும் வழங்கப்பட்டது. பரிசுத்தொகையைப் பற்றிய கசப்பும், தலைமையில் எழுந்த பிளவும் இயக்கத்தைத் தளர்த்தின. 1980-இல் பெட்டி விலகினார். பின்னர் அமெரிக்கா சென்றார். அயர்லாந்துக்குத் திரும்பி, 2020-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், புனித பேட்ரிக் திருநாளன்று, பெல்ஃபாஸ்ட்டில் காலமானார்.

இவ்வளவுக்கும் நடுவில், எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்தத் தாய் என்ன ஆனார்? ஆன் மக்வையர் எந்த மேடையிலும் முழங்கவில்லை. தொலைவிலாவது ஆறுதல் கிடைக்குமா எனக் குடும்பத்தோடு நியூசிலாந்து சென்றார்; சில மாதங்களில் திரும்பி வந்தார். மீண்டும் பிள்ளைகள் பிறந்தனர். ஆயினும் அந்த நடைபாதையை விட்டு அவர் மனம் அகலவில்லை. 1980 சனவரியில் அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு, எஞ்சிய பிள்ளைகளின் தந்தையை மைரீட் மணந்து, அவர்களுக்குத் தாயானார். தம் மக்களுக்காக அழுது, ஆறுதல் பெற மறுத்த இராகேலை நற்செய்தியில் காண்கிறோம். ஏரோதின் வாளுக்குப் பலியானோரை எண்ணும்போது, அந்தத் தாய்மாரை நாம் எண்ணுவது குறைவு. கொலைப்பட்டியலில் ஆனின் பெயர் சேர்க்கப்படுவதில்லை. ஆனால், அந்தக் கார் நான்காவதாகக் கொன்றது அவரைத்தான்.

அப்படியானால் அந்நடைப்பயணங்கள் வீணா? 1976-இல் ஏறத்தாழ 300 உயிர்களைப் பறித்த வன்முறை, 1977-இல் நூற்றுச் சொச்சமாகக் குறைந்தது. இதற்குப் பல காரணங்கள் உண்டு; தாய்மாரின் நடைப்பயணமே தனிக் காரணம் என்று சொல்லுவதற்கில்லை. ஆனால், இரு தரப்புப் பெண்களும் ஒரே சாலையில் நடக்க முடியும் என்று கண்ட பின், அதைக் காணாதது போல் இருக்க எவராலும் முடியவில்லை. 1981-இல் இரு சமயப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் பயிலப் பெற்றோர் லகான் கல்லூரி என்ற பள்ளியை 28 மாணவரோடு தொடங்கினர். 1996-இல் கத்தோலிக்கரான மோனிகா மெக்வில்லியம்ஸும், புரோட்டஸ்டாண்டான பேர்ல் சேகரும் மகளிர் கூட்டணி ஒன்றை அமைத்து, தேர்தல் வழியாகப் பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெற்றனர். தெருவில் நடந்த பெண்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள். இவர்கள் உள்ளே அமர்ந்தார்கள். வன்முறைக்கு ஆளானோரின் உரிமைகளும், ஒருங்கிணைந்த கல்வியும் உடன்படிக்கையில் இடம்பெற இவர்கள் உழைத்தனர். 1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் அவ்வுடன்படிக்கை கையெழுத்தானது. அன்று பெரிய வெள்ளி. அதற்குள் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டிருந்தனர்.

22 ஆண்டுகள்! விதைத்தவர்களுள் பலர் அறுவடையைக் கண்டபோது தளர்ந்திருந்தனர். ஒரு தாயோ கல்லறையில் இருந்தார். அமைதிக்காக உழைப்போர், தாங்களே அதைக் காண்போம் என்ற உறுதியின்றி உழைக்க வேண்டியிருக்கிறது. சிலுவையடியில் நின்ற அன்னையும் அன்று உயிர்ப்பைக் காணவில்லை. ஆனால், அவ்விடத்தை விட்டு அகலவுமில்லை.

பகை மூளும் ஒவ்வோர் ஊரிலும் முதலில் எழும் கேள்வி, யார் செய்தது என்பதே. அதற்கு நீதிமன்றம் விடை தேட வேண்டும். தேடியே ஆக வேண்டும். ஆனால், ஆண்டர்சன்ஸ்டவுன் தாய்மார் கேட்ட கேள்வி நம்மை நோக்கியது. அடுத்து எந்தத் தாயின் பிள்ளை? அதற்கு விடை சொல்லவேண்டிய நாள் வருமுன், நம் தெருவில் எந்தக் கதவையேனும் நாம் தட்டியிருக்கிறோமா?