சிமுலேட்டருக்குள் மலை வந்த கதை

1/ வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் அந்தத் தேடல் ஆரம்பிச்சிடும். விமானம் அச்சு அசலா இருக்கும். கீழே எட்டிப் பார்த்தா மலை மட்டும் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையா கிடக்கும். "நல்ல டெரெய்ன் சீனரி எங்கப்பா கிடைக்கும்?"

இந்த மலைகளோட வரலாறு தெரிஞ்சா, எதைத் தேடணும்னு தானாகவே புரியும். நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர் 1975-ல் கம்ப்யூட்டர் திரையில் விமானப் பயணத்தைக் காட்டுவது பற்றி ஆய்வேடு எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு சப்லாஜிக் நிறுவனம் வெளியிட்ட முதல் ஃப்ளைட் சிமுலேட்டர். கட்டம் போட்ட தரை, ஓரத்தில் கோட்டில் வரைஞ்ச சில மலைகள். அவ்வளவுதான் உலகம்.

3/ 1982-ல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் பி.சி.க்குக் கொண்டு வந்தது. சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் ஆட்டம் தொடங்கும். பிறகு சப்லாஜிக் அமெரிக்காவைப் பகுதி பகுதியா பிரிச்சு 'சீனரி டிஸ்க்' விற்க ஆரம்பிச்சது. இன்னைக்கு நாம தேடுற ஆட்-ஆன்களுக்குத் தாத்தா அந்த ஃப்ளாப்பி டிஸ்க்தான்.

4/ 1993-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் தரைக்கு நிஜத் தோற்றம் வந்தது. ஆனா மேடு பள்ளம் உருப்படியா வந்தது 1999-ல் வெளியான ஃப்ளைட் சிமுலேட்டர் 2000-ல் தான். ஏன் இவ்வளவு தாமதம்? கம்ப்யூட்டரின் வேகம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உலகம் முழுக்க ஒரே சீராக உயரம் அளந்த நல்ல தரவு மக்கள் கையில் இல்லை. 1996-ல் அமெரிக்க நிலவியல் துறை இலவசமா வெளியிட்ட ஜிடோப்போ30 தரவில், சுமார் 1 கி.மீ.க்கு ஒரு உயர எண்தான் இருந்தது.

5/ 1 கி.மீ.க்கு ஒரு எண் என்றால் என்ன ஆகும்? எங்க துறையிலிருந்து ஒரு உதாரணம். நுரையீரலை சி.டி. ஸ்கேனில் 10 மி.மீ. தடிமனில் வெட்டிப் பார்த்தா, 4 மி.மீ. கட்டி சுத்தியிருக்கிற காற்றோட சேர்ந்து சராசரியாகி மங்கிப் போகும். கட்டி உள்ளேதான் இருக்கு, படத்தில் தெரியலை. மலை உச்சிக்கும் இதே கதிதான். கூரான சிகரம் மொட்டையாகும், ஆழமான பள்ளத்தாக்கு தூர்ந்து போகும்.

6/ விளையாட்டில் இது வெறும் ஏமாற்றம். நிஜத்தில் உயிர்.

1995 டிசம்பர் 20 இரவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 கொலம்பியாவின் காலி நகருக்கு இறங்கிக்கிட்டிருந்தது. ஃப்ளைட் கம்ப்யூட்டரில் தவறான பீக்கன் தேர்வாகி, விமானம் மலைப்பக்கம் திரும்பியது. அபாய எச்சரிக்கை ஒலிச்சப்போ மோதலுக்குச் சுமார் 12 விநாடிதான் பாக்கி. 163 பேரில் 159 பேர் இறந்தாங்க.

7/ எச்சரிக்கை ஏன் இவ்வளவு தாமதம்? அந்தக் கருவி நேர் கீழே உள்ள தரையை மட்டும்தான் அளக்கும். எதிரே நிற்கும் மலை அதுக்குத் தெரியாது.

கனடாவில் பிறந்த பொறியாளர் டான் பேட்மேன் இதுக்குத் தீர்வு கண்டார். உலகத்தின் உயர வரைபடத்தையே விமானத்துக்குள் வச்சுட்டா முன்னால இருக்கிற மலையும் தெரியுமே! சோவியத் யூனியன் உடைஞ்ச பிறகு அவங்களோட நிலத் தரவை அவர் குழு விலைக்கு வாங்கியது. இன்னைக்கு பயணிகள் விமானங்களில் இருக்கும் தரை எச்சரிக்கைக் கருவிக்கு உயிர்நாடி அப்படி ஒரு வரைபடம்தான். சிமுலேட்டர்காரங்க 'மெஷ்'னு சொல்றதும் இதே வகைத் தரவுதான்.

8/ பெரிய திருப்பம் 2000 பிப்ரவரியில். எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணமாகக் கிளம்பியது. அதன் வயிற்றில் ஒரு ரேடார் ஆன்டெனா, 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இன்னொன்று. நம்ம ரெண்டு கண்ணும் சேர்ந்து ஆழத்தை உணர்ற மாதிரி, ரெண்டு ஆன்டெனாவும் சேர்ந்து உயரத்தை அளந்தன. பூமியின் நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் முடிஞ்சது. எஸ்.ஆர்.டி.எம். தரவு என்பது இதுதான்.

9/ ஆனா பந்தியில் பாகுபாடு இருந்தது. இது நாசாவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து செஞ்ச வேலை. அமெரிக்காவுக்கு 30 மீட்டர் துல்லியத்தில் தரவு வெளியாச்சு. இந்தியா உட்பட மற்ற நாடுகளுக்கு 90 மீட்டர்தான். பல வருஷம் சிமுலேட்டரில் அமெரிக்க மலை கூர்மையாகவும் நம்ம மலை மழுங்கலாகவும் இருந்ததுக்கு இது ஒரு முக்கியக் காரணம். 2014 செப்டம்பரில்தான் உலகம் முழுவதுக்கும் 30 மீட்டர் தரவைத் திறந்து விடுவதாக அறிவிச்சாங்க. ஆப்பிரிக்காவுக்கு முதல் பந்தி.

10/ அதிலும் ஓட்டைகள் உண்டு. ரேடார் சாய்வாகப் பார்க்கும், அதனால் செங்குத்தான மலைக்குப் பின்னால் நிழல் விழும். இமயமலையில் பல இடம் வெறுமையா இருந்தது. பழைய நிலப்படங்களின் சமஉயரக் கோடுகளை எல்லாம் பயன்படுத்தி அந்த ஓட்டைகளை அடைச்சு, 'வியூஃபைண்டர் பனோரமாஸ்' தளத்தில் இலவசமா கொடுத்தாங்க. ஆர்வலர்களின் உழைப்புக்கு அது ஒரு பெரிய சாட்சி.

11/ 2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் பதிப்பு ஆட்டத்தையே மாத்தியது. பிங் மேப்ஸ் படங்கள், 2 பெட்டாபைட் தரவு, பறக்கும்போதே இணையத்தில் இறங்கும் நிலம். கூடவே ஒரு வேடிக்கை. மெல்போர்ன் புறநகரில் வீடுகளுக்கு நடுவே 212 மாடிக் கோபுரம்! திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரோ 2 என்பதற்குப் பதிலா 212-னு தட்டியிருந்தாங்க. வரைபடத்தில் திருத்தியாச்சு, ஆனா பழைய பிரதி சிமுலேட்டருக்குள் போயிடுச்சு.

12/ சரி, இப்போ தேடுறவங்களுக்கு.

முதலில் மெஷ் எத்தனை மீட்டர்னு பாருங்க. மலைப்பகுதிக்கு அதுதான் உயிர். அடுத்து தரைமேல் போர்த்தும் செயற்கைக்கோள் படம். கடைசியா கட்டடம், மரம், விமான நிலையம். கூர்மையான படத்தை மொட்டை மலைமேல் போர்த்தினா, மேக்கப் போட்ட எக்ஸ்ரே மாதிரிதான் இருக்கும்.

13/ காசு போடும் முன் இலவசமா இருக்கிறதைப் பாருங்க. ஃப்ளைட்கியர் சிமுலேட்டரே இலவசம், சீனரியும் இலவசம். எக்ஸ்-பிளேன் வச்சிருந்தா ஆர்த்தோ4எக்ஸ்பி மூலம் நீங்களே சீனரி தயாரிக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் நிறைய இடம் வேணும்.

14/ 1995-ல் அந்த விமானிகளுக்குக் கிடைக்காத மலையின் உருவம் இன்னைக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனோட லேப்டாப்பில் இலவசமா நிக்குது. மக்கள் வரிப்பணத்தில் அளந்ததை மக்களுக்கே திறந்து விட்டதால் வந்த பலன் இது. நம்ம ஊரில் அளந்து பூட்டி வச்சிருக்கும் தரவுகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்போம்.