பெட்டியில் வராத விளையாட்டு: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து ஒரு விநியோக வரலாறு (1993–2025)

முன்னுரை

கடையில் பணம் கொடுத்துப் பெட்டியாக வாங்கிய கணினி விளையாட்டை, வீட்டுக்கு வந்து மறுபடியும் இணையத்திலிருந்து இறக்கினால்தான் ஆட முடியும் என்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கில் விளையாட்டின் ஒரு பகுதி இருக்கும். சில பெட்டிகளில் அதுவும் இருக்காது. ஒரு சீட்டில் அச்சிட்ட குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். இதைப் பற்றிய எரிச்சல் விளையாடுகிறவர்களின் தனிப்பட்ட புலம்பலாகவே பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. ஒரு பண்டம் வாங்குபவர் கைக்கு வந்துசேரும் வழி மாறிய வரலாறாக அதைப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. தரவைச் சுமந்துவரும் செலவு முன்பு யாருடையதாக இருந்தது, எந்தக் கட்டத்தில் யார் தலையில் இறங்கியது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

ஆய்வுக் களம் விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள். குண்டாற்றுப் படுகையை ஒட்டிய இந்த வானம் பார்த்த கரிசல் பூமியில் பருத்தி, மிளகாய், மல்லி, சிறுதானியங்கள் மானாவாரியாக விளைகின்றன. அருப்புக்கோட்டை நகரம் தறிகளாலும் நூற்பாலைகளாலும் வாழ்வது. 2018இல் நடுவண் அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இரண்டு: விருதுநகர், இராமநாதபுரம். வேகமான இணைப்பு உள்ள பெருநகரங்களில் இந்த விநியோக மாற்றம் கண்ணில் படாமலே நடந்தேறியது. இணைப்பு மெலிந்த இடங்களில்தான் அதன் கணக்கு துலங்குகிறது. களத் தேர்வுக்குக் காரணம் இதுவே.

கீழே தரப்படும் நேரக் கணக்குகள் யாவும் இணைப்பு நிறைவேகத்தில், ஒரு நொடியும் அறாமல் ஓடியதாக வைத்துப் போடப்பட்டவை. எனவே அவை நிறுவனங்களுக்கு மிகவும் சாதகமான கணக்குகள். நடப்பில் ஆன நேரம் இவற்றைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும்.

1. பேருந்து சுமந்த காலம் (1993–2004)

தொண்ணூறுகளில் சிறுநகரச் சிறுவர்களுக்கு வாய்த்த விளையாட்டுக் கருவி, ஜப்பானிய நிண்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்த மலிவான டிவி கேம். அதற்கான கேசட்டில் விளையாட்டு முழுதாக இருந்தது. செருகினால் ஓடும், நிறுவவோ இறக்கவோ ஒன்றும் இல்லை.

கணினியில் வழி சற்று வேறு. 1993 டிசம்பரில் வெளிவந்த டூம் விளையாட்டின் முதல் பகுதியை யாரும் படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று வெளியிட்ட நிறுவனமே அனுமதித்தது. ஃபிளாப்பியில் கைமாறிப் பரவுவது அன்று அதன் விற்பனை உத்தி. பின்னர் வந்த சிடி ஏறத்தாழ 700 எம்பி கொள்ளும். 2003இல் கணினிக்கு வந்த ஜிடிஏ வைஸ் சிட்டி இரண்டு சிடிகளில் அடங்கியது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பெருநகரங்களில் தொடங்கியது. சிறுநகரங்களுக்கு அது தொலைபேசி வழி டயல்-அப் ஆக வந்தபோது அதன் உச்சவேகம் 56 கேபிபிஎஸ். ஒரு சிடி அளவுத் தரவை அதில் இறக்க 28 மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். அண்டை மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டத்தில் 2001இல் சென்னை ஐஐடி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து கிராம இணைய மையங்களை நிறுவியது. முன்னோடித் திட்டமான அதில் பயன்பட்ட கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பின் வேகம் 35 கேபிபிஎஸ். மின்னஞ்சலுக்கும் அரசு விண்ணப்பங்களுக்கும் அது போதும். ஒரு சிடியை இறக்க 44 மணி நேரம் வேண்டும்.

ஆக, விளையாட்டை இணைப்பு சுமக்கவில்லை, பேருந்து சுமந்தது. சென்னை ரிச்சி தெருவிலிருந்தும் மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்தும் சிடிகள் வந்தன. 2001இல் தொடங்கிய டிஜிட் போன்ற ஆங்கிலக் கணினி இதழ்கள் தம்மோடு இணைத்துக் கொடுத்த சிடிகளில் விளையாட்டு மாதிரிகளோடு திருத்தக் கோப்புகளும் இருந்தன. இணையத்தில் இறக்க வேண்டியதை அச்சு இதழ் தபாலில் கொண்டுவந்து சேர்த்தது. இக்கட்டத்தில் தரவைச் சுமக்கும் செலவு முழுவதும் வெளியீட்டாளர், இதழ், கடைக்காரர் என்ற சங்கிலியுடையது. வாங்குபவர் அதை விலையில் ஒரு பகுதியாக ஒரே தடவை கொடுத்து முடித்தார்.

2. ஒரு மாத இடைவெளி: 2004

இந்திய அரசு தன் பிராட்பேண்ட் கொள்கையை 2004 அக்டோபரில் வெளியிட்டது. எப்போதும் இணைந்திருக்கும், 256 கேபிபிஎஸ்ஸுக்குக் குறையாத இணைப்பே பிராட்பேண்ட் என அது வரையறுத்தது. பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் சேவை 2005 ஜனவரியில் தொடங்கியது. இவை இரண்டுக்கும் நடுவே, 2004 நவம்பர் 16 அன்று, வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டு வெளிவந்தது. கடையில் வாங்கிய டிஸ்க்கில் தரவு இருந்தபோதும், முந்தைய ஆண்டு அந்நிறுவனம் தொடங்கியிருந்த ஸ்டீம் என்ற இணைய விளையாட்டு விநியோகச் சேவையோடு இணைந்து ஒப்புதல் பெற்றாலொழிய அது ஓடாது.

அன்று இறக்க வேண்டிய அளவு பெரிதல்ல. ஆனால் கொள்கை அளவில் ஒரு கோடு தாண்டப்பட்டது. பண்டத்தைக் கையில் வைத்திருப்பது அதைப் பயன்படுத்தப் போதுமானது என்ற நிலை அதோடு முடிந்தது. டிஸ்க், விளையாட்டைத் தாங்கி நின்ற பொருள் என்பதிலிருந்து உரிமத்துக்கான சான்று என்பதை நோக்கி நகரத் தொடங்கிய இடம் இது. இந்தியாவில் பிராட்பேண்ட் என்பது கொள்கைத் தாளில் ஏறிய மறுமாதமே பெட்டி விளையாட்டு இணையத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. கரிசல் காட்டுச் சிறுநகரம் இந்த ஓட்டத்தில் தொடக்கத்திலேயே பின்தங்கியிருந்தது.

3. டிவிடியின் எல்லை (2005–2015)

ஒற்றை அடுக்கு டிவிடி 4.7 ஜிபி கொள்ளும். இரட்டை அடுக்கு 8.5 ஜிபி. 2005இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஒரு டிவிடியில் வந்தது. ஒரு டிவிடி நிறையத் தரவை 256 கேபிபிஎஸ் இணைப்பில் இறக்கச் சுமார் 41 மணி நேரம் ஆகும். நேரத்தைவிடப் பெரிய தடை மாத அளவு. பிஎஸ்என்எல்லின் தொடக்கக் கால மலிவுத் திட்டங்களில் மாதத்துக்கு 1 ஜிபி அளவுக்குள்தான் தரவு. மிஞ்சினால் ஒவ்வொரு எம்பிக்கும் தனிக் கட்டணம். சில திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில் சேராது என்பதால், கண் விழித்து இறக்குவது ஒரு தலைமுறையின் பழக்கமாயிற்று.

2012ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்வெட்டை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் அன்றாடம் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. தறி நின்றது, மோடமும் நின்றது. அதே காலத்தில், 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், இப்படிப்பட்ட ஊர்களில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டுவந்தது. கணினி வந்துவிட்டது, இணைப்பு வரவில்லை என்ற இந்த இடைவெளியை நிரப்பியது பென்டிரைவ். வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் மாணவர் விடுதிகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் படியெடுத்துப் பரவின. அது பதிப்புரிமை மீறல் என்பதில் ஐயமில்லை. ஆனால் விநியோக வரலாறு என்ற முறையில் ஒன்றைக் குறிக்காமல் விட முடியாது: திருட்டுப் பிரதி முழுதாக வந்தது, காசு கொடுத்து வாங்கிய பெட்டிதான் குறையோடு வந்தது. மெலிந்த இணைப்பை நினைவில் வைத்துக் கோப்பைச் சுருக்கிக் கொடுத்தவர்கள் திருட்டுப் பிரதி போட்டவர்களே.

பெட்டியை முறையாக வாங்கியவர்களுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று, இணைப்பின் வேகக் குறைவு. மற்றொன்று, பணம் செலுத்தும் வழி. ஸ்டீம் இந்திய ரூபாயில் விலை போடத் தொடங்கியது 2015 நவம்பரில்தான். அதுவரை டாலர் விலை. அதைக் கட்ட வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உதவும் அட்டை வேண்டும். அட்டை இல்லாத நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் கடைப் பெட்டியை ரொக்கத்தில் வாங்க முடிந்தது. அந்தப் பெட்டி இணைய வேகத்தைக் கேட்கத் தொடங்கியபோது அதை வாங்குவதற்கான முதல் காரணம் அடிபட்டுப்போனது.

இந்தக் கட்டத்தின் கடைசி நேர்மையான பெட்டி என்று 2015 ஏப்ரலில் கணினிக்கு வந்த ஜிடிஏ 5ஐச் சொல்லலாம். சுமார் 60 ஜிபி தரவு ஏழு டிவிடிகளில் அடுக்கித் தரப்பட்டது. பிறகு திருத்தக் கோப்புகளை இறக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனால் பாரத்தின் பெரும்பகுதியைப் பெட்டி சுமந்தது.

4. காலி டிஸ்க் (2015–2025)

அதே ஆண்டு செப்டம்பரில் கொனாமி வெளியிட்ட மெட்டல் கியர் சாலிட் 5 விளையாட்டின் கணினிப் பெட்டியில் ஒரு டிஸ்க் இருந்தது. அதில் இருந்தது பத்து எம்பிக்கும் குறைவான ஸ்டீம் நிறுவல் கோப்பு மட்டும். விளையாட்டு முழுவதையும் இறக்கித்தான் ஆக வேண்டும். ஏழு டிவிடிப் பெட்டிக்கும் இதற்கும் இடையே ஐந்தே மாதங்கள்.

கணினியைப் பொறுத்தவரை இதற்குத் தொழில்நுட்ப விளக்கம் உண்டு. ப்ளூ-ரே டிஸ்க் கணினிகளில் பரவவே இல்லை. மெல்லிய மடிக்கணினிகள் வந்தபின் டிஸ்க் டிரைவே காணாமல் போயிற்று. 8.5 ஜிபியில் நின்றுவிட்ட ஊடகத்தில் 60 ஜிபி விளையாட்டை ஏற்றுவது சுமைதான். ஆனால் இந்த விளக்கம் கன்சோல்களுக்குப் பொருந்தாது. பிளேஸ்டேஷன் 5 கருவி 100 ஜிபி வரை கொள்ளும் டிஸ்க்கைப் படிக்கும். இருந்தும் 2022 அக்டோபரில் அதற்கு வந்த கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2 டிஸ்க்கில் இருந்த தரவு சுமார் 70 எம்பி. இடம் போதவில்லை என்ற வாதம் இங்கே நிற்காது.

மற்ற காரணங்களைத் தேட வேண்டியிருக்கிறது. டிஸ்க்கை அச்சிட ஆலைக்கு அனுப்பும் நாளுக்கும் விற்பனை நாளுக்கும் இடையே வாரங்கள் செல்லும். முன்பு அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். இப்போது அந்த வாரங்களும் வேலை நாட்களே. முடியாத வேலையை வாங்குபவர் இறக்கிக்கொள்வார். கொள்ளளவு கூடிய டிஸ்க்குக்கு விலை கூடுதல். அந்தச் செலவும் மிச்சம். பயனர் கணக்கோடு பூட்டிய விளையாட்டைப் பழைய பொருளாகப் பிறருக்கு விற்க முடியாது. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவி 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு ஒத்துப்பார்க்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கியது. வெளிப்படையாக அறிவித்துக் கொண்டுவர முடியாமல் போன கட்டுப்பாடு, காலி டிஸ்க்கின் வழியே பெரிய சத்தமில்லாமல் நடைமுறைக்கு வந்தது.

இதன் கடைசி விளைவு 2024 மார்ச் 31 அன்று தெரிந்தது. யூபிசாஃப்ட் தன் தி க்ரூ விளையாட்டின் சர்வர்களை நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை.

5. நாள் அளவும் கோப்பின் அளவும்

ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று வந்தபின் கரிசல் ஊர்களுக்கும் இணையம் செல்பேசி வழியே மலிவாகக் கிடைத்தது. ஆனால் அந்த மலிவு நாள் அளவில் கட்டப்பட்டது. நாளுக்கு 1.5 ஜிபி, நள்ளிரவில் மீதம் காலாவதி. படமும் பாட்டும் பார்க்க இது தாராளம். 60 ஜிபி விளையாட்டுக்கு வேறெதையும் தொடாமல் 40 நாள். 100 ஜிபிக்கு 67 நாள். அந்த நாட்களுக்குள் புதிய திருத்தக் கோப்பு வந்துவிட்டால் கணக்கு மறுபடி நீளும்.

கம்பி இணைப்பின் கதையும் இதுவே. பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 2013இல் 512 கேபிபிஎஸ் ஆகவும் 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆகவும் உயர்த்தப்பட்டது. ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் திட்டத்துக்கு நடுவண் அரசு 2011இல் ஒப்புதல் தந்தது. பாரத்நெட் என்று பெயர் மாறிய அத்திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு மாநிலத்தின் ஃபைபர்நெட் கழகத்திடம் உள்ளது. அருப்புக்கோட்டை நகருக்குள் ஃபைபர் எடுத்தவருக்கு 40 எம்பிபிஎஸ் வேகத்தில் 100 ஜிபி இறங்க ஐந்தரை மணி நேரம் போதும். வரையறை அனுமதிக்கும் குறைந்தபட்ச வேகத்தில் நிற்பவருக்கு அதே 100 ஜிபி 111 மணி நேரம்.

இந்த எண்களை 2005இன் 41 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் போக்கு தெளிவாகும். பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளத் தேவையான வேகம் ஏறத்தாழ எட்டு மடங்கு உயர்ந்தது; விளையாட்டின் அளவு இருபது மடங்குக்கு மேல் உயர்ந்தது. எனவே 'இணையம் வளர்ந்துவிட்டது, இனி டிஸ்க் எதற்கு' என்ற வாதம் நகரத்து ஃபைபருக்குப் பொருந்தலாம்; அடித்தட்டு இணைப்புக்குப் பொருந்தாது.

கைவழி விநியோகம் மட்டும் நின்றபாடில்லை. ஒருவர் இறக்கிய கோப்பை வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் எடுத்துச் சென்று, தனக்கும் அந்த விளையாட்டு உரிமையுள்ள இன்னொருவர் தன் கணினியில் சேர்க்கலாம். ஒரே வீட்டு இணைப்பில் உள்ள கணினிகளுக்குள் படியெடுக்கும் வசதியை ஸ்டீமே 2023 பிப்ரவரியில் தந்தது. டூம் காலத்துப் பழக்கம் முப்பது ஆண்டுகளுக்குப் பின் அனுமதியோடு திரும்பியிருக்கிறது.

முடிவுரை

ஆய்வில் மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, டிஸ்க் காலியானது ஒரே நாளில் அல்ல. 2004இல் ஒப்புதல் கேட்டது, 2015இல் தரவைக் கைவிட்டது, 2024இல் சர்வர் நின்றதும் பயனற்றுப்போனது என்று மூன்று படிகள். இரண்டாவது, இதைத் தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சியாக மட்டும் கொள்ள முடியாது. 100 ஜிபி கொள்ளும் டிஸ்க் இருந்தபோதே 70 எம்பி ஏற்றப்பட்டது. மூன்றாவது, சுமக்கும் செலவு மறையவில்லை. வெளியீட்டாளரிடமிருந்து வாங்குபவரின் மாதக் கட்டணத்துக்கு இடம் மாறியது. இணைப்பு எங்கே மெலிந்ததோ அங்கே அது அதிகம் கனக்கிறது.

இதற்குத் தீர்வு பழைய டிஸ்க்கை மீட்பதல்ல, தெரிவிப்பது. கடையில் விற்கும் பிஸ்கட் பொட்டலத்திலும் நிகர எடை அச்சிட்டாக வேண்டும் என்கின்றன 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகள். பல ஆயிரம் ரூபாய் விளையாட்டுப் பெட்டியோ உள்ளிருக்கும் தரவின் அளவைச் சொல்லாமலே விற்கப்படுகிறது. 2025இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2 கருவிக்கான சாவி அட்டைகளின் பெட்டி முகப்பில், விளையாட்டை இறக்கித்தான் ஆட வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. வாங்கும் பொருளின் தரம், அளவு பற்றி அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கவும் இடமளிக்கிறது. டிஸ்க்கில் எத்தனை ஜிபி, இறக்க வேண்டியது எத்தனை ஜிபி, சர்வர் குறைந்தது எந்த ஆண்டு வரை இயங்கும் என்ற மூன்று எண்களைப் பெட்டியின் மேல் அச்சிட வைப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் விதியில் விளையாட்டுப் பெட்டியையும் ஒரு பொட்டலமாகக் கருதி, அதன் நிகர அளவை ஜிபியில் கேட்டால் போதும்.