ஜமீன் மாளிகையும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தியும்

இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் மலையடிவாரத்தில் அமைந்த சிவகிரி, நெடுங்காலம் பாளையமாக இருந்து, 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு திருநெல்வேலிச் சீமையில் நிரந்தரக் கிஸ்தியை, அதாவது ஆண்டுதோறும் மாறாத வரித்தொகையை, விதித்தபோது ஜமீனாயிற்று. படை திரட்டும் உரிமையை இழந்த பாளையக்காரர்களுக்குப் பெருமையைக் காட்ட எஞ்சியவை அரண்மனையும், கோயில் மண்டகப்படியும், விருந்துமே எனலாம். அரண்மனைப் பந்தியில் உண்டவர் விலை கொடுக்கவில்லை. ஆனால் எவர் எந்தக் கட்டுவரை நுழையலாம், யாருடன் அமரலாம் என்பதைச் சாதியும் உறவும் அந்தஸ்தும் தீர்மானித்தன.

இந்தப் பெருவாழ்வுக்குக் கடனும் துணையாக நின்றது. தந்தை பட்ட கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீன் சொத்து பொறுப்பாகுமா என்ற கேள்வியை, முத்தையன் செட்டிக்கும் சிவகிரி ஜமீன்தார் சங்கிலி வீரபாண்டிய சின்னத்தம்பியாருக்கும் இடையிலான வழக்கில், இலண்டன் பிரிவி கவுன்சில் 1882இல் விசாரித்து, பொறுப்பாகும் என்று தீர்ப்பளித்தது. இந்துச் சட்ட நூல்கள் இன்றும் இவ்வழக்கைக் குறிப்பிடுகின்றன. 1948ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரி வாங்கும் உரிமையையும் பறித்தபின், ஓடு மாற்றவும் சுவர் பூசவும் பணம் கேட்கும் வீடுகள் ஜமீன் குடும்பங்களிடம் மிஞ்சின.

அத்தகைய வீடுகளுள் சில உணவகங்களாயின. இன்று ஒடிசாவின் கோராபுட் பகுதியில் உள்ள, 1936வரை சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஜெய்ப்பூர் ஜமீனுக்கு (இராஜஸ்தானத்து நகரம் வேறு) உரிய சென்னை மாளிகையில், 2000ஆம் ஆண்டளவில் அமெதிஸ்ட் என்னும் காபியகம் தொடங்கி, பின்னர் ஒயிட்ஸ் சாலைக்கு இடம்மாறியது. காரைக்குடியின் பங்களா, ஜமீன் வரியால் அன்றிச் செட்டியார் வணிகச் செல்வத்தால் எழுந்தது. விருந்தினரை உபசரிப்பதற்கென்றே கட்டப்பட்ட அக்கட்டடம், 1990களின் இறுதியில் விடுதியாகி, வாழையிலையில் விலைக்கு விருந்து படைக்கிறது.

இத்தகைய உணவகங்களுக்கு ஏற்ற ஞாயிற்றுக்கிழமைப் பந்தி பிரஞ்ச். காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி, முற்பகலில் தொடங்கி நிதானமாக உண்ணும் இவ்வழக்கத்தை, 1895இல் கை பெரிஞ்சர் என்ற ஆங்கிலேயர், சனிக்கிழமை இரவுக் கேளிக்கையால் தாமதமாக எழுவோருக்காகப் பரிந்துரைத்து எழுதினார். ஆனால் முற்பகல் உணவு தமிழர்க்குப் புதிதன்று: விடியலில் பழையதோ நீராகாரமோ அருந்திவிட்டு, ஒன்பது பத்து மணிக்கே முழுச் சோற்றுணவை முடித்து அலுவலகம் போவது சென்னைக் குமாஸ்தாக்களின் பழைய நடைமுறை. புதியது ஞாயிறுதான். கிராமத்து ஓய்வு திருவிழாவையும் அமாவாசையையும் சார்ந்திருக்க, வாரவிடுமுறை அலுவலகங்களோடும், 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தோடும் பரவியது. எனவே பழைய மாளிகையின் அழகு மட்டும் அங்கு உணவகத்தை வாழவைப்பதில்லை. மாதச் சம்பளமும் வார ஓய்வும் உடைய கூட்டமோ, சுற்றுலாப் பயணிகளோ அருகில் வேண்டும்.

தென்காசியை அடுத்த குற்றாலத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது சாரல் பருவமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை திரண்டுவந்து, அருவியில் குளித்த பசியோடு பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளை நாடிச் செல்கிறது. பிரானூரை அடுத்த செங்கோட்டை திருவிதாங்கூரையும், பின்னர் 1956வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்ததால் ஏற்பட்ட எல்லைதான் அக்கடைகளின் பெயரில் நிற்கிறது. அங்கே முன்கட்டு, பின்கட்டு என்ற பாகுபாடு கிடையாது, இடம் கிடைத்த பெஞ்சில் எவரும் அமரலாம்.