குறியீட்டுக்குப் பெயர் தருவது யார்?

2015ஆம் ஆண்டு, முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் இருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டவாரித் தரவை எஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்றியிருந்தேன். அதில் மாவட்டப் பெயர்கள் இல்லை. மாநிலத்துக்கு ஈரிலக்கக் குறியீடு, மாவட்டத்துக்கு மூவிலக்கக் குறியீடு, அவ்வளவுதான். பெயர்கள் வேறொரு பட்டியலில் இருந்தன. இவ்விரு குறியீடுகளும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனையோடு இரண்டையும் இணைத்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கிடைத்த அட்டவணையை நம்பிக் கட்டுரையின் முதல் வரைவையும் எழுதி முடித்தேன். பின்னொரு நாள் வரிசைகளை எண்ணியபோது, 640 இருக்க வேண்டிய இடத்தில் 630 மட்டுமே இருந்தன.

காரணம் எளிது. நான் எடுத்துக்கொண்ட பெயர்ப்பட்டியல் 2014 ஜூன் 2இல் தெலங்கானா உருவான பின்னர்த் தயாரிக்கப்பட்டது. 2011இல் ஆதிலாபாத் முதல் கம்மம் வரையிலான பத்து மாவட்டங்கள், 532 முதல் 541 வரையிலான எண்களோடு, ஆந்திரப் பிரதேசத்தின் 28 என்ற குறியீட்டின்கீழ் இருந்தன. புதிய பட்டியலிலோ அவை தெலங்கானாவின் 36இன்கீழ் இருந்தன. குறியீடுகள் பொருந்தவில்லை, வரிசைகள் விழுந்தன. ஏறத்தாழ மூன்றரைக் கோடி மக்கள் என் ஆய்விலிருந்து ஓசையின்றி மறைந்துபோயினர்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்கிறது: குறியீட்டுக்குப் பெயர் தரும் அட்டவணைக்கென்று ஒரு வரலாறு உண்டல்லவா? அதை நாம் ஏன் படிப்பதில்லை?

குறியீடு கணினியோடு பிறந்ததன்று. 1890ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டைகள் பயன்பட்டன. துளையிட்ட இடமே அங்கே குறியீடு. எந்தத் துளை எதைச் சுட்டுகிறது என்பதைத் தனியொரு திறவுகோலே சொல்லும். இப்பிரிவினைக்குக் கணித வடிவம் தந்தவர் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட். 1970இல் வெளியான அவரது கட்டுரை, தரவை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாகக் காணும் முறையை முன்வைத்தது. பெயரை ஓரிடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் குறியீட்டை எழுதி, வேண்டும்போது இணைத்துக்கொள்ளலாம். ஹமீர்பூர் என்ற மாவட்டம் இமாசலப் பிரதேசத்திலும் உண்டு, உத்தரப் பிரதேசத்திலும் உண்டு. பெயரை மட்டும் கொண்டு இணைத்தால் இரண்டு வரிசைகள் நான்காகும். குறியீட்டின் தேவை இதனால் விளங்கும்.

அதே கட்டுரையில், எந்நிலையில் இரு அட்டவணைகளைத் தகவல் இழப்பின்றி இணைக்க முடியும் என்றும் காட் கேட்டார். 1974இல் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் உருவாக்கிய வினவல் மொழியே பின்னர் எஸ்க்யூஎல் ஆயிற்று. 1986இல் அது அமெரிக்கத் தரநிலையாக ஏற்கப்பட்டபோதும், பொருந்தாத வரிசைகளைக் காப்பாற்றும் லெஃப்ட் ஜாயின் அத்தரநிலையில் இல்லை. 1992ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது இடம்பெற்றது. இன்றும் ஜாயின் என்று மட்டும் எழுதினால் அது இன்னர் ஜாயினாகவே கொள்ளப்படும். பெயர் கிடைக்காதவரை விட்டுவிடுவதே இயல்பு நிலை. அவரைத் தக்கவைத்துக்கொள்ளத் தனியே சொல்ல வேண்டும்.

இந்தியத் தரவில் இது தொழில்நுட்ப நுணுக்கம் மட்டுமன்று. தாய்மொழி அட்டவணைகளைப் பாருங்கள். 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. ஆய்வுக்குப் பின் அவை 1,369 தாய்மொழிகளாகச் சுருங்கின. மேலும் 1,474 பெயர்கள் வகைப்படுத்தப்படாதவை எனக் கொள்ளப்பட்டு, ‘பிற’ என்ற தலைப்பின்கீழ்ச் சென்றன. பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவோரைக் கொண்ட 270 தாய்மொழிகள் 121 மொழிகளாகத் தொகுக்கப்பட்டன. இந்தி என்ற தலைப்பில் 52.83 கோடிப் பேர் உள்ளனர். ஆனால் தம் தாய்மொழி இந்தி என்றே சொன்னவர்கள் 32.22 கோடி. எஞ்சியோரில் போஜ்புரி என்று சொன்ன ஐந்து கோடிப் பேரும், ராஜஸ்தானி, சத்தீஸ்கரி என்று சொன்னோரும் அடங்குவர்.

தரவுத்தள மொழியில் சொன்னால், விளக்க அட்டவணையில் ‘எம்மொழியின்கீழ்’ என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதை நிரப்புவது மொழியியலும் அரசியலும் கலந்த ஒரு தீர்மானம். மைதிலி இதற்குச் சான்று. 1991ஆம் ஆண்டு அட்டவணைகளில் அது இந்தியின்கீழ் இருந்தது. 2003இல் அரசியலமைப்பின் 92ஆவது திருத்தத்தால் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டபின், 2001 கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகளிலேயே தனித்தலைப்புப் பெற்றது. மிதிலை மக்களின் பேச்சு அப்படியேதான் இருந்தது. ஒரு நெடுவரிசையின் மதிப்புதான் மாறியது. இதை அறியாமல் இரு கணக்கெடுப்புகளையும் ஒப்பிட்டு, இந்தி வளர்ந்தது என்றோ தேய்ந்தது என்றோ எழுதுபவர், பட்டியலின் மாற்றத்தை மக்களின் மாற்றமாகக் கொண்டுவிடுகிறார்.

பட்டியல்தான் சிக்கல் என்றால் பட்டியலே இல்லாதிருப்பது நல்லதோ? அதற்கும் விடை கிடைத்துவிட்டது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் சாதிப் பெயர்கள் முன்கூட்டிய குறியீட்டுப் பட்டியலின்றி எழுதப்பட்டன. 1931இல் 4,147 எனப் பதிவான சாதிகள் இதில் 46 லட்சத்துக்கும் மேற்பட்டன என்று 2021இல் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. எழுத்துக்கூட்டல் வேறுபாடு, குலப்பெயர், பட்டப்பெயர் யாவும் தனித்தனிச் சாதிகளாயின. இணைக்க அட்டவணை இல்லாததால் அந்தச் சாதித் தரவு பயனற்றதாய்க் கிடக்கிறது.

2025 ஏப்ரல் 30 அன்று, அரசியல் விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு வரும் கணக்கெடுப்பில் சாதியையும் பதிவு செய்ய முடிவெடுத்தது. அதற்கான குறியீட்டுப் பட்டியலில் எந்தப் பெயர் தனி வரிசை பெறும், எது வேறொன்றின்கீழ்ச் செல்லும், எது ‘பிற’ ஆகும் என்பதே, 2027 எண்கள் வெளிவரும் நாளில் யார் கண்ணுக்குப் படுவர் என்பதைத் தீர்மானிக்கும். விவாதம் எண்கள் வந்தபின் தொடங்குமானால் அது காலம் கடந்த விவாதம்.

மாணவர்களுக்குச் சில பழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணுங்கள். லெஃப்ட் ஜாயினில் தொடங்கி, பெயர் கிடைக்காமல் ‘நல்’ என்று நிற்கும் வரிசைகளை முதலில் வாசியுங்கள்; பல சமயம் ஆய்வுக்கேள்வி அங்கேதான் இருக்கும். விளக்க அட்டவணையில் ஒரு குறியீடு இருமுறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மக்கள் இரட்டிப்பாவர். தரவின் ஆண்டோடு பெயர்ப்பட்டியலின் ஆண்டையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். எவருடைய பட்டியல் என்பதையும் எழுதுங்கள். ஓலைச்சுவடியின் பாடவேறுபாட்டைக் காட்டாத பதிப்பை நாம் நம்புவதில்லை. பெயர்ப்பட்டியலின் பதிப்பைச் சொல்லாத புள்ளிவிவரத்தை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?