கணக்கு முடியாமல் திரும்பியவர்கள்

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைச் சென்ற மாதம் மூன்றாவது முறையாக வாசித்து முடித்தேன். கல்லூரி நாட்களில் வாசித்தபோது அது எனக்கு ஒரு சாகசக் கதை. பத்தாண்டுகள் கழித்து வாசித்தபோது அதன் மொழியன்றி வேறெதுவும் கண்ணில் படவில்லை. இம்முறை தென்கிழக்கு ஆசிய வரைபடம் ஒன்றையும், போர்க்காலத் தேதிகள் குறித்த ஒரு தாளையும் அருகில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நாவலை அப்படி வாசிக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கூடாதுதான். ஆனால் நம் பாடநூல்களில் இரண்டு பத்திகளுக்கு மேல் இடம்பெறாத ஒரு வரலாற்றுக்கு, அதற்குள் இருந்து எழுதிய சாட்சி ஒருவர் தமிழில் கிடைத்திருக்கும்போது வேறு வழியும் இல்லை.

1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றவர். அன்று தென்பாண்டி நாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் டச்சுக்காரர் ஆண்ட சுமத்ராவுக்கும் சென்ற இளைஞர்களின் வாழ்க்கை மூன்றாண்டுக் கணக்கில் அளக்கப்பட்டது. பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, வாய்ப்பிருந்தால் மேலாளாகி, கணக்கு முடித்து ஊர் திரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு, மறுபடியும் கப்பலேறுவது. வீட்டில் இருப்பவர்களும் அந்தக் கணக்கையே நம்பி இருந்தார்கள். 1939 வாக்கில் கப்பலேறியவன் 1942இல் திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் மெடானுக்குள் ஜப்பானியப் படை நுழைந்தது. நாவல் தொடங்குவது அந்த நாளில்தான். டச்சுக்காரர்களின் பெயர் தாங்கிய தெருக்களில் புதிய எசமானர்கள் வருவதைப் பாண்டியன் நின்று பார்க்கிறான். மகிழ்ச்சியும் இல்லை, அழுகையும் இல்லை. ஒரு அரசு போய் இன்னொரு அரசு வரும் இடைவெளியில் கடைகள் சூறையாடப்படுகின்றன. பின்னர் சூறையாடியவர்களின் தலைகள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இவ்விடத்தில் சிங்காரத்தின் நடை சற்றும் குரலை உயர்த்துவதில்லை. செய்தி சொல்பவனின் தொனி. தமிழ்ப் புனைவில் ஒரு நகரம் கைமாறுவதை இவ்வளவு உணர்ச்சி ஒதுக்கி எழுதியவர் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரலாற்றைக் கையில் வைத்து வாசித்ததில் எனக்கு அதிகம் துலங்கியது பணம். ஜப்பானியர் மலாயாவில் அச்சிட்ட நோட்டுகளில் பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால், மக்கள் அந்தப் பணத்தை வாழைமரத்தை வைத்தே அழைத்தார்கள். பின்னால் பொன்னோ பொருளோ ஈடு இல்லாத தாள். வாங்க மறுப்பது குற்றம். போரின் கடைசி மாதங்களில் விலைவாசி விண்ணை முட்டியபோது, பழைய வெள்ளையர் பணத்தில் வாங்கிய கடனைப் பலர் இந்தத் தாளைக் கொண்டுவந்து தீர்த்தார்கள். கடைக்காரர் பெற்றுக்கொண்டு பத்திரத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும். 1945இல் வெள்ளையர் திரும்பிவந்ததும் அந்த நோட்டுகள் செல்லாது என்றாயிற்று. தீர்ந்த கடன் தீர்ந்ததா இல்லையா என்பதை முடிவுசெய்யப் பின்னர் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சிங்காரத்தின் முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' (1959) நிகழ்வது இந்தச் சாம்பலின்மேல். இந்திய தேசிய இராணுவத்திலிருந்து மீண்ட செல்லையாவுக்குத் தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கும் வானாயினாவை முன்பு நான் கல்நெஞ்சக்காரர் என்றே எண்ணியிருந்தேன். இப்போது அப்படி எண்ண முடியவில்லை. பேரேடுகளெல்லாம் பொய்யாகிப் போன ஒரு மனிதர், துப்பாக்கி பிடித்த கை இனிப் பெட்டியடியில் அமைதியாக உட்காருமா என்று அஞ்சுகிறார்.

'புயலிலே ஒரு தோணி'யில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லமாட்டேன். பாண்டியன் பல இடங்களில் திரைப்பட நாயகன். பெண்கள் அவனுக்காகவே வந்து போகிறார்கள். இரகசியப் பணிகள் வரும் அத்தியாயங்களில் வேகம் இருக்கிறது, ஆழம் குறைவு. ஆனால் கடலில் புயல் வரும் பகுதியும், பினாங்கு மதுக்கடையில் நண்பர்கள் தமிழ்ப் பெருமையை எடுத்துவைத்துக் கிழிக்கும் உரையாடல்களும் தனி உலகம். பொற்காலத்தைப் பற்றி மேடைகள் முழங்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இதை ஒருவர் தனியே உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதே வியப்பு. 1960களின் தொடக்கத்தில் எழுதி முடித்த இந்நாவல் அச்சேறப் பத்தாண்டுகள் பிடித்தன, 1972இல்தான் நூலாயிற்று. அதன்பின் அவர் வேறு நாவல் எழுதவில்லை.

முடிவுப் பகுதியில் இன்னொன்று உறைத்தது. போர் முடிந்தபின் பாண்டியன் சுமத்ராவுக்குத் திரும்பி, டச்சுக்காரர்களை எதிர்க்கும் இந்தோனேசியக் கொரில்லாக்களுடன் சேர்கிறான். 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலையை அறிவித்துவிட்ட நாடு அது. அதே ஆண்டு அக்டோபரில் மெடானில் வந்திறங்கிய நேசநாட்டுப் படை, பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் ஒரு பிரிவு. ஆக, அந்த மண்ணில் இந்தோனேசியரின் விடுதலைக்காக ஒரு கற்பனைத் தமிழன் நிற்கிறான்; வெள்ளையர் கட்டளைக்கு உட்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உண்மையாகவே எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். நாவலாசிரியர் இந்த முரணை விரல் நீட்டிக் காட்டுவதில்லை. 1946இல் ஊர் திரும்பியவர், அதைக் கண்ணால் கண்டும் இருக்கலாம்.

என் தாத்தாவின் தம்பி பினாங்கில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். 1939இல் போனார், 1946இல் வந்தார். ஏழாண்டுகளைப் பற்றிக் கேட்டால், "கணக்கு முடியலப்பா" என்பார். அதற்குமேல் பேச்சு வராது. பேராசையில் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர் என்றுதான் குடும்பத்தில் அவருக்குப் பெயர். நானும் அதை நம்பி வளர்ந்தவன். கல்யாணப் பந்திகளில் அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். வாழைமர நோட்டைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

நாவல் வெளிவந்தபோது அவர் உயிரோடுதான் இருந்தார். புத்தகம் வாசிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. காலையில் தேநீர்க் கடையில் 'தினத்தந்தி' மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பார். எங்கள் ஊருக்கு வந்தது மதுரைப் பதிப்பு. அந்த அலுவலகத்தில்தான் சிங்காரம் 1987 வரை வேலை பார்த்தார்.